செத்த வீட்டிலிருந்து ஒரு நேரடி ஒலிபரப்பு

போன வருடம் கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு கிழமையில், திருகோணமலை பாலையூற்றில் என் சித்தப்பாவின் வீட்டில் நடந்த விஷயம் இது. எழுத வேண்டும் என்று பல தரம் நினைத்து, பேசித்தான் பழக்கம் எழுதிப் பழக்கமில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நான் வாயால் பிழைக்கிறவள். கொழும்பில் ஒரு தமிழ் இசை வானொலியில் பல வருடங்களாகக் காலை நிகழ்ச்சி செய்கிறேன். பெயர் வேண்டாம். விடிய எழும்பிப் பாணுக்குச் சம்பல் இடிக்கிற நேரத்தில் உங்கள் வீட்டுக் குசினியில் கேட்கிற குரல்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலையத்தை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு நாள் எல்லோரையும் கீழ்மாடிக்குக் கூப்பிட்டுக் கேக் வெட்டினார்கள். கோட்டுப் போட்ட நாலைந்து பேரைக் காட்டி, இனி இவர்கள்தான் முதலாளிகள் என்றார்கள். கேக்கின்மேல் நிலையத்தின் புதுச் சின்னம் நீல நிறத்தில் போட்டிருந்தது. எனக்குக் கிடைத்த துண்டில் அந்தச் சின்னத்தின் கால்வாசி இருந்தது, அதையும் தின்றேன், என்ன செய்வது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒழுகின கூரையைத் திருத்தினார்கள். மாற்றினது எங்கள் வேலை செய்கிற முறையைத்தான்.

அதுவரை நான் விடியற்காலையில் கலையகத்துக்குப் போய், ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த நேரத்தில் என்ன நடக்கிறதோ அதைப் பேசுவேன். மழை பெய்தால் மழை என்பேன். தும்மினால் நாடே கேட்கும். புது முதலாளிகள் வந்த பிறகு, பாட்டுகளுக்கு நடுவில் நான் சொல்ல வேண்டியதை மட்டும் முன்கூட்டியே பதிந்து கொடுக்கச் சொன்னார்கள். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். வியாழக்கிழமை பின்னேரம் உட்கார்ந்தால் அடுத்த கிழமை முழுவதற்கும் காலை வணக்கம் சொல்லி முடித்துவிடலாம். வியாழக்கிழமை பின்னேரம் உளுந்து வடை தின்ற வாயால் செவ்வாய்க்கிழமை விடியலை வரவேற்றிருக்கிறேன் என்றால் பாருங்களேன். விடியப்புறம் எழும்பத் தேவையில்லை என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் சிலர் சந்தோஷப்பட்டார்கள். நான் வாய்க்குள் புறுபுறுத்தேன், ஆனாலும் பதிந்து கொடுத்தேன்.

அதில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாதாரண தரமோ உயர்தரமோ, பெரிய பரீட்சை தொடங்குகிற அன்று காலையில் பாட்டை நிறுத்திவிட்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் சொல்லுவோம். தாய்தகப்பன் போனில் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். மன்னார், அட்டன், வாழைச்சேனை, உப்புவெளி என்று எல்லா இடத்திலிருந்தும் வரும். பெயர், ஊர், அதற்குமேல் ஒரு வாழ்த்து. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர்கள் விடிய விடியத்தான் வந்து சேரும். வியாழக்கிழமையே பதிந்து வைக்கிற நிகழ்ச்சியில் அதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

அந்தக் கிழமையும் வழமைபோல் எல்லாம் பதிந்து கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தப்பா தவறிவிட்டார் என்று போன் வந்தது. என் தகப்பன் நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து என்னைப் படிப்பித்தவர் சித்தப்பாதான். கிடைத்த பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் அழுது, பாலையூற்றுக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் அந்தத் தெருவில் றேடியோ பாடாது, தொலைக்காட்சியும் போடமாட்டார்கள். யாரும் போய்ச் சொல்லத் தேவையில்லை, தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமை காலை அந்தத் தெரு முழுக்க மழைச் சத்தமும் எங்கள் அழுகையும் மட்டும்தான் கேட்டன. சித்தப்பாவை நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். நான் அவருடைய தலைமாட்டில், அவர் மனைவி, என் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்போது வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. கதிரையும் பந்தல் தகரமும் கொண்டு வந்தவர்கள். தெருவின் வழக்கம் லொறிக்குத் தெரியுமா? உள்ளே றேடியோ பெரிதாகப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள். நான் இப்போது கலையகத்தில் உங்களோடுதான் இருக்கிறேன், யன்னலுக்கு வெளியே என்ன அழகான வெயில், என்னோடு பேச மாட்டீர்களா என்று கேட்டாள். சின்னம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

கலைந்த தலையோடும் வீங்கிய முகத்தோடும் வாசலுக்கு ஓடினேன். தம்பி, செத்த வீடு, றேடியோவை நிப்பாட்டுங்கோ என்றேன். சாரதி றேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் றேடியோவைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே குரல். மனிசன் நடுங்கிப்போய் லொறியையே நிறுத்தித் திறப்பைக் கழற்றிவிட்டார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். சித்தப்பாவின் பிணத்தின் முன்னால் என்னுடைய சிரிப்பையே நான் கேட்க வேண்டி வந்ததே.

உள்ளே வந்தபோது குசுகுசுப்பு தொடங்கிவிட்டது. முந்தியே பதிந்து வைத்தது என்று ஒருவருக்கு விளங்கப்படுத்தினேன், அவர் மற்றவருக்கு விளங்கப்படுத்தினார். எல்லோரும் தலையாட்டினார்கள், ஆனால் முகங்கள் ஒரு மாதிரி மாறித்தான் இருந்தன. இவ்வளவு காலமும் நேரில் பேசுகிறாள் என்றுதானே நினைத்தோம் என்ற முகம். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, தேத்தண்ணி அயல் வீடுகளிலிருந்துதான் வரும். அன்றைக்குப் போத்தலில் தேத்தண்ணி கொண்டு வந்தவர் முன்வீட்டுப் பெண். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை செய்கிறவர். எனக்கு அதிகம் பழக்கமில்லை. பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இடத்தில் என்னிடம் வந்து, மெல்லிய குரலில் கதைத்தார். அவருடைய மகள் திங்கட்கிழமை உயர்தரப் பரீட்சைக்குப் போகிறாள். சாதாரண தரப் பரீட்சையின்போது பிள்ளை பயத்தில் சாப்பிடாமல் கொள்ளாமல் இருந்ததாம். காலையில் நான் அவளுடைய பெயரைச் சொன்ன பிறகுதான் இரண்டு இடியப்பம் தின்றுவிட்டுப் போனாளாம். இந்த முறையும் பெயரை அனுப்பிவிட்டுத் தாயும் மகளும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"அப்ப அக்கா, திங்கட்கிழமையும் முந்தியே பதிஞ்சதுதானோ?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் பெண் கெஞ்சவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. தெரிந்துகொண்டால் மகளிடம் இப்போதே சொல்லி மனதைத் தேற்றிவிடலாம் என்றுதான் கேட்டார். திங்கட்கிழமை நிகழ்ச்சி கொழும்பில் கணினிக்குள் தயாராக இருந்தது. அதில் ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுப் பேசுவதில்லை.

"இல்லைத் தங்கச்சி. திங்கட்கிழமை நான் நேரடியா வருவன். பிள்ளையை றேடியோவைப் போட்டிட்டு இருக்கச் சொல்லுங்கோ," என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? அன்று பின்னேரம் சித்தப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் போய்த் திரும்பி, வீடு கழுவி முடிந்த பிறகு, வேலி ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று புது முகாமையாளருக்குப் போன் எடுத்தேன். மரியாதையான மனிதர். முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு நான் கேட்டதைக் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். மக்கள் பாட்டுக் கேட்கத்தான் வருகிறார்கள், பெயர் வாசித்தால் மற்ற நிலையத்துக்குப் போய்விடுவார்கள் என்றார். விளம்பரங்களின் நேரம் குழம்பும் என்றார். துக்கத்தில் இருக்கிற நீங்கள் ஓய்வெடுங்கள், எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும் என்று ஆறுதலும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குச் சுரீரென்றது.

"சேர், நீங்கள் காசு குடுத்து வாங்கினது பாட்டை இல்லை. பாட்டு எல்லாரிட்டையும் இருக்கு, போனில கூட இருக்கு. காலமை எழும்பின உடனே எங்கட பக்கம் றேடியோவைத் திருப்புற சனத்தைத்தான் வாங்கினனீங்கள். அந்தச் சனத்துக்கு நான் வாக்குக் குடுத்திட்டன். திங்கட்கிழமை ஏலாது எண்டால், செவ்வாய்க்கிழமையில இருந்து என்ட குரல் உங்களுக்கு வேண்டாம்," என்றேன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேனே என்று பயமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதே குடையின் கீழே எனக்கு முதுகு நிமிர்ந்ததும் உண்மை. கேக் தின்ற நாளிலிருந்து சொல்ல வேண்டியதை அன்றைக்குத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிட்டார். செய்தி முடிந்த பிறகு அரைமணி நேரம் தருகிறேன், அதற்குமேல் கேட்காதீர்கள் என்றார். கொழும்புக்கு வர வேண்டும் என்றும் சொன்னார். திங்கட்கிழமை சித்தப்பாவுக்குக் காடாத்து, சாம்பல் அள்ளுகிற நாள். என்னால் எப்படிப் போக முடியும்? எங்கள் நிலையத்தில் பழைய தொழில்நுட்பக்காரர் ஒருவர் இருக்கிறார். நான் புலம்பினதைக் கேட்டுவிட்டு, அக்கா போன் இருக்குத்தானே, அது காணும், வேறொண்டும் தேவையில்லை என்றார். எந்தச் செயலியை இறக்க வேண்டும், வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தந்தார். பிள்ளைகளின் பெயரைக் கேட்டு ஒரு சின்ன அறிவித்தலையும் பாட்டுகளுக்கு நடுவில் விட்டார். பின்னேரத்துக்குள் என் போன் பெயர்களால் நிறைந்துவிட்டது.

இப்போது மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. தெருவே சத்தம் போடாமல் இருக்கிற செத்த வீட்டுக்குள் இருந்துகொண்டு, இறந்தவரின் வளர்ப்பு மகள் றேடியோவில் பேசுவதா? சனம் என்ன சொல்லும்? சனத்தை விடுங்கள், சின்னம்மா என்ன நினைப்பார்? அவர் சுவரில் சாய்ந்து, யாரோடும் கதைக்காமல் இருந்தார். பக்கத்தில் போய் இருந்து, முன்வீட்டுப் பிள்ளையிலிருந்து முகாமையாளர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு மனம் இல்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிரிக்காத. பெயரைச் சொல்லு," என்றார்.

திங்கட்கிழமை விடிய, அலுமாரி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மழை விட்டிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. போனில் தொழில்நுட்பக்காரர், அக்கா இப்ப நீங்கள்தான் என்றார். இத்தனை வருட அனுபவத்தில் முதல் முறையாக என் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு உள்ளதைச் சொன்னேன். நான் இன்று கலையகத்தில் இல்லை, திருகோணமலையில் என் வீட்டில் இருக்கிறேன், வீட்டில் ஒரு மரணம், அதனால் இன்று சிரிக்க மாட்டேன், ஆனால் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகிற நாள், அதனால் வந்திருக்கிறேன் என்றேன். உடனே பெயர்களுக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ, சனத்தைக் கூப்பிடுகிற தன்னுடைய பாட்டைப் போட்டுக்கொண்டு தெருவால் வந்தது. அது நாடு முழுக்கக் கேட்டது. புது முதலாளிகளுக்கு நெஞ்சு வலித்திருக்கும். பாண்காரரும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார் பிள்ளைகளே என்று சொல்லிவிட்டு நான் தொடர்ந்தேன். அந்தச் சத்தம் போன பிறகுதான் அது கேட்டது. நான் சொன்ன ஒரு பெயர், சில வினாடிகள் பிந்தி, வெளியிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. பிறகு அடுத்த பெயரும் வந்தது. அறைக்குள் ஏதோ எதிரொலிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். முன்வீட்டில் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்து வீட்டிலும் பாடியது. மூலை வீட்டில் படிக்கல்லில் வைத்துப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவர்கள் எப்படித் துணிந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு காது கொடுத்துக் கேட்டால், இன்னொரு சத்தம் எங்கள் வீட்டு நடு அறையிலிருந்தே வந்தது. சித்தப்பாவின் றேடியோவைச் சின்னம்மா எடுத்து, அவருக்காக ஏற்றியிருந்த விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, முன்கதவையும் திறந்துவிட்டுப் போட்டிருந்தார். செத்த வீடே போட்ட பிறகு தெருவுக்கு என்ன தடை? கொழும்புக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிற என் குரல் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிந்திப் பிந்தி வந்து என்னைக் குழப்பியது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு வாசித்தேன். முன்வீட்டுப் பிள்ளையின் பெயர் வந்தபோது எழுத்து எழுத்தாக, ஆறுதலாகச் சொன்னேன்.

அரைமணி நேரம் எப்படிப் போனதென்று தெரியாது. அடுத்த பாட்டு தொடங்கியதும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். முன்வீட்டுப் பிள்ளை வெள்ளைச் சீருடையோடு, இரட்டைப் பின்னலோடு, பஸ்ஸுக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் சின்னம்மா அவசரமாக எழும்பிக் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். புருஷன் செத்து மூன்று நாள்தான். நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையின் கண்ணில் தான் படக்கூடாது என்று ஒதுங்குகிறார். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் தடுக்கவில்லை, அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள்தானே நானும்.

பிள்ளை எங்கள் வீட்டு வாசல் படலையடியில் நின்றாள். தாய் கையைப் பிடித்து இழுத்தார், பஸ் போய்விடும் என்றார். அவள் அசையவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்து, உள்ளே யார் நிற்கிறார் என்று தெரிந்துதான் கூப்பிட்டாள்.

"அன்ரி, போட்டு வாறன்."

தாயும் நானும் கதவையே பார்த்தோம். பிறகு சின்னம்மா தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, மெல்ல வெளியே வந்து வாசற்படியில் நின்றார். அந்தப் பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தார். அழுது அழுது அடைத்துப்போயிருந்த குரல் கரகரத்துக்கொண்டு வந்தது.

"போட்டு வா பிள்ளை. பயப்பிடாம எழுது."

அன்றைக்கு மத்தியானம் முகாமையாளர் கூப்பிட்டார். ஒருவரும் வேறு நிலையத்துக்குப் போனதாகத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். பாண் ஆட்டோவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதும் என் நிகழ்ச்சியில் பாதி பதிந்துதான் போகிறது. எல்லாம் வென்றுவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் பரீட்சை தொடங்குகிற காலைகளில் நாங்கள் எல்லோரும் நேரடியாகத்தான் வருகிறோம், பெயர்களைச் சொல்லித்தான் பாட்டுக்குப் போகிறோம். பதிந்து கொடுக்கிற நாட்களில், நான் இப்போது கலையகத்தில் இருக்கிறேன் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

எங்கள் நிலையம் நாளைக்கே இன்னொருவர் கைக்குப் போகலாம், இன்னொரு நிறத்தில் கேக் வெட்டலாம், அதெல்லாம் அவர்கள் வியாபாரம். துக்கத்துக்காக வாய் மூடியிருந்த ஒரு தெரு அந்தப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்க றேடியோவைப் போட்டது, அந்தப் பெயர்களைச் சொன்ன வாய் என்னுடையது. இந்தப் பெருமை எனக்குச் சாகும்வரை காணும்.